இந்தோ-ஐரோப்பியர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்? தமிழர்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பு உண்டா?

முதலில் ஒன்று. இந்தோ-ஐரோப்பியம் என்பது ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் 1786-இல் கல்கத்தாவில் பேசினார், அது மொழிகளைப் பற்றிய பேச்சு. பின்னால் வந்தவர்கள் அதை ரத்தத்தைப் பற்றிய பேச்சாக மாற்றி ‘ஆரிய இனம்’ என்று ஒன்றைக் கட்டினார்கள், நாஜிகள் அதைச் சொல்லிக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மொழியையும் வம்சத்தையும் பிரித்தே பேச வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, மூல மொழி பேசியவர்கள் எங்கே இருந்தார்கள்? கருங்கடலுக்கும் காஸ்பியனுக்கும் வடக்கே, இன்றைய உக்ரைன், தெற்கு ரஷ்யப் புல்வெளிகளில் என்று தொல்லியலாளர் மரியா கிம்புட்டாஸ் 1950-களில் சொன்னார். துருக்கிப் பக்கத்து ஆதி விவசாயிகள்தான் மொழியைப் பரப்பினார்கள் என்று 1987-இல் இன்னொரு தொல்லியலாளர் காலின் ரென்ஃப்ரூ வாதிட்டார். 2015-இல் வந்த பழைய எலும்புகளின் டிஎன்ஏ ஆய்வு கிம்புட்டாஸ் பக்கம் சாய்ந்தது. கயிறு பதித்த பானைகளோடு ஜெர்மனியில் புதைக்கப்பட்டவர்களின் வம்சாவளியில் சுமார் முக்கால் பங்கு, கி.மு. 3300 வாக்கில் அந்தப் புல்வெளியில் தலையெடுத்த யாம்னாயா மக்களைப் போன்றவர்களிடமிருந்து வந்தது. ஆடு மாடு மேய்த்து, மாட்டு வண்டியில் இடம் மாறி, இறந்தவர்களைக் குழியில் கிடத்திக் காவி தூவி மேலே மண்மேடு எழுப்பியவர்கள் இவர்கள். சக்கரம், அச்சு, நுகம் ஆகியவற்றுக்கான சொற்கள் இந்தக் குடும்பத்தின் பல கிளைகளில் ஒரே வேரிலிருந்து வருவதும் இதோடு பொருந்துகிறது.

ஆனால் கதை அவ்வளவு நேராகப் போகாது. இந்தக் குடும்பத்திலேயே மிகப் பழைய எழுத்துச் சான்று உள்ள ஹிட்டைட் துருக்கியில் பேசப்பட்டது, அந்த நாட்டுப் பழைய எலும்புகளிலோ புல்வெளி வம்சாவளி கிட்டத்தட்ட இல்லை. (காக்கசஸுக்கும் கீழ் வோல்காவுக்கும் இடையே வாழ்ந்த இன்னும் பழைய மக்களிடமிருந்து ஹிட்டைட் கிளை, யாம்னாயா கிளை இரண்டும் பிரிந்தன என்று 2025-இல் ஒரு ஆய்வு வந்தது, எனக்கு அது நம்பும்படி இருக்கிறது.) இதற்கு நேர் எதிர், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் வாழும் பாஸ்க் மக்கள். அவர்கள் உடம்பில் புல்வெளி வம்சாவளி நன்றாகவே இருக்கிறது, பேசும் மொழியோ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மித்தானி. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில், இன்றைய வட சிரியாப் பகுதியில், இந்தக் குடும்பத்தைச் சேராத ஹுரியன் மொழி பேசிய ஒரு ராஜ்யம். ஆனால் அவர்கள் ஹிட்டைட்களோடு செய்த ஒப்பந்தத்தில் சாட்சித் தெய்வங்களுக்கு நடுவே வேதத்தில் வரும் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்) வருகிறார்கள்! கிக்குலி என்ற மித்தானிக்காரர் குதிரைப் பயிற்சி பற்றிச் சொன்ன களிமண் பலகைகளில் ஐக, தேர, பஞ்ச, சத்த என்று சமஸ்கிருதத்தின் ஏக, த்ரி, பஞ்ச, சப்த போன்ற எண்கள் இருக்கின்றன. அரச குலமும் தேர் ஓட்டிகளும் கொண்டுவந்த சொற்கள், ஊர் முழுக்கப் பேசியதோ வேறு மொழி.

இந்தியாவுக்கு வருவோம். ஹரியானாவில் உள்ள சிந்து சமவெளி நாகரிக ஊரான ராக்கிகர்ஹியில் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட பெண்ணின் டிஎன்ஏவில் புல்வெளிக் கலப்பு இல்லை. 2019-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வின்படி, அந்தக் கலப்பு தெற்காசியாவுக்குள் நுழைந்தது கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில்.

அப்போ தமிழர்கள்? தமிழ் திராவிட மொழி, அதில் குழப்பமே இல்லை. சென்னையில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816-லேயே தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று எழுதிவிட்டார். வம்சாவளி வேறு விஷயம். புல்வெளிக் கலப்பு பொதுவாக வடக்கே அதிகம், தெற்கே குறைவு, ஆனால் தெற்கிலும் பல சமூகங்களில் கொஞ்சமாவது உண்டு. சில பழங்குடிகளிடம் மட்டும் மிகமிகக் குறைவு. தமிழ் பேசுகிற ஒருவருடைய முன்னோர்களில் சிலர் அந்தப் புல்வெளியில் மாடு மேய்த்திருக்கலாம், அதனால் அவர் தமிழர் இல்லை என்று ஆகாது.