ஸ்டாக் பார்ட்டி என்றால் என்ன? அதை யார் ஏற்பாடு செய்வார்கள்?

கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளையை நண்பர்கள் கூட்டிப்போய்க் கொண்டாடும் விருந்துதான் இது. ஸ்டாக் என்றால் ஆண் மான். இது பிரிட்டன் வழக்குச் சொல். அமெரிக்காவில் பேச்சலர் பார்ட்டி. பிரெஞ்சுக்காரர்கள் ஒருபடி மேலே போய், 'பையன் வாழ்க்கையை அடக்கம் செய்வது' என்கிறார்கள்!

காரணம் எளிது. கல்யாணமானால் நேரமும் பணமும் வீட்டுக்குப் போய்விடும். கடைசிப் பரீட்சை முடிந்ததும், ஹாஸ்டல் அறையைக் காலி செய்வதற்குள் ஒரு ராத்திரி எல்லோரும் கூடி உட்காருவோமே, அதே மனநிலைதான்.

ஏற்பாடெல்லாம் 'பெஸ்ட் மேன்' எனப்படும் மாப்பிள்ளைத் தோழன் தலையில். தேதி குறிப்பது, ஆள் சேர்ப்பது, அப்புறம் பணம் வசூலிப்பது (இதுதான் பெரிய பாடு). மாப்பிள்ளையின் செலவை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். பதிலுக்கு, வெளிநாட்டில் விருந்து என்றால், அவர் கோமாளி உடையில் விமானம் ஏற வேண்டியிருக்கும். முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய இரவில் நடந்தது. ராத்திரி குடித்த தலைவலியோடு தேவாலயத்தில் நிற்க யாருக்கு ஆசை? இப்போது சில வாரங்கள் முன்பே முடித்துவிடுகிறார்கள்.

பிராக், புடாபெஸ்ட் போன்ற ஊர்களுக்குக் கும்பலாகப் பறப்பதும் உண்டு. தொல்லை தாங்காமல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2023இல், இணையத்தில் இத்தகைய பயணம் தேடும் பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு 'வராதீர்கள்' என்றே விளம்பரம் காட்டியது.

குடிக்காவிட்டால் இது ஸ்டாக் பார்ட்டியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை: மலையேற்றம், கோ-கார்ட் எனப்படும் குட்டிக் கார் பந்தயம் என்று முடித்துக்கொள்பவர்களும் நிறைய.