சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கும் வயதான குதிரை

கேள்வி: என் குதிரைக்கு 22 வயது, காயடித்தது. இரண்டு வாரமாக அடிக்கடி காலை அகட்டி நின்று முக்குகிறது. சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது. சவாரி போய்வந்த அன்று சிவப்பாகவும் தெரிந்தது. வயதாகிவிட்டதால் சிறுநீரகம் பழுதாகிவிட்டதா? கைவசம் இருக்கும் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுக்கலாமா?

பதில்: மருந்தை இப்போது கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டுச் சிறுநீரைப் பரிசோதித்தால் கிருமி இருந்தாலும் பிடிபடாமல் போகலாம். மிச்சமிருக்கும் வலி மருந்தையும் தொடாதீர்கள். சில வலி மருந்துகள் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

கலங்கலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. குதிரையின் சிறுநீரில் சளியும் கால்சியம் கார்பனேட் துகள்களும் எப்போதும் இருக்கும். நம் சிறுநீரோடு ஒப்பிட்டுச் சீழ் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். சிவப்பு வேறு விஷயம். லாயத்துப் படுக்கையில் விழுந்த சிறுநீர், காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் தானாகவே செம்பழுப்பாகும். அதனால் வெளியே வரும்போதே சிவப்பா என்று பார்க்க வேண்டும். புதுப் படுக்கை விரித்து உள்ளே விட்டால் பல குதிரைகள் உடனே சிறுநீர் கழிக்கும். அந்த நேரத்தில் சுத்தமான பாத்திரத்தோடு பக்கவாட்டில் தயாராக நில்லுங்கள்.

சிறுநீரகம் பழுதானாலோ, வயதான குதிரைகளுக்கு வரும் பிட்யூட்டரி (மூளையடிச் சுரப்பி) கோளாறு இருந்தாலோ, பொதுவாகக் குதிரை வாளி வாளியாகத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழிக்கும். உங்கள் குதிரை போவது பல தடவை, ஆனால் கொஞ்சம் கொஞ்சம். அதோடு சவாரிக்குப் பின் சிவப்பு என்றால், என் சந்தேகம் சிறுநீர்ப்பைக் கல்மேல்தான். குதிரைக்கு வரும் கல் பெரும்பாலும் முள்முள்ளாக இருக்கும். ஓடும்போது அது குலுங்கிப் பையின் சுவரை உரசும், ரத்தம் கசியும். பெண் குதிரையின் சிறுநீர் வழி குட்டை, அகலம். சிறு கல் வெளியேறிவிடும். ஆண் குதிரைக்கு அந்த வசதி இல்லை.

பை முழுதாகக் காலியாகாவிட்டால் அடியில் ஈரமணல் போல வண்டல் படிந்தும் இப்படி ஒழுகலாம். குறி நுனியில் அழுக்கு உருண்டு கட்டியாகி அடைப்பதும் உண்டு. அங்கே புண்ணோ கட்டியோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கால்நடை மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்த்தாலே கல் பெரும்பாலும் தட்டுப்படும். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஆகியவையும் தேவைப்படும். கல் என்றால் எடுத்தாக வேண்டும், மாத்திரையில் கரையாது.

அதுவரை சவாரி வேண்டாம். அடிக்கடி போகிறதே என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். குதிரைமசாலில் கால்சியம் அதிகம், அதைத் தற்போதைக்கு நிறுத்தி உலர்புல் கொடுங்கள். பின்னங்கால் நனைந்திருந்தால் கழுவித் துடைத்து வாசலின் தடவுங்கள். சிறுநீர் அடியோடு நின்று, குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தசைகள் விறைத்துக் காப்பி நிறத்தில் சிறுநீர் வந்தாலோ, அந்த நிமிடமே மருத்துவரை அழையுங்கள், நடுராத்திரியானாலும்.