மலைக்குளிரில் ஒரு பட்டர் பீன்ஸ் குழம்பு

கேள்வி: கல்யாணமாகி மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்திருக்கிறேன். நாலு விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழுசு முழுசாகவே நிற்கிறது. இட்லி மாவை ராத்திரி கம்பளியில் சுற்றி வைத்தும் பொங்கவில்லை. மாமியாருக்கு வயதாகிவிட்டது, சூடாக, மெத்தென்று ஏதாவது கொடுக்க வேண்டும். என்ன செய்வது?
- வாசகி, ஊட்டி

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை, உயரம்தான் காரணம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, அதனால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு தீயை ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கருக்குள்ளும் மதுரையில் வரும் சூடு வராது. அதனால் விசில் எண்ணுவதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். பருப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கால் மணி நேரம் விடுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு குழைந்த பிறகுதான். முன்னாடியே போட்டால் வேகாமல் அடம்பிடிக்கும்.

கம்பளி இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, சூட்டை உண்டாக்காது. சில்லென்ற மாவைச் சுற்றி வைத்தால் சில்லென்றுதான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள், கையால் நன்றாகக் கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்தோடு சேர்த்து ஒரு பெரிய மூடிய பெட்டிக்குள் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஒரு ராத்திரி போதாது, மறுநாள் காலை இட்லிக்கு முந்தின நாள் காலையிலேயே அரைத்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், உறைபனிக் காலத்தில் தினமும் இட்லிக்காக ஏன் இவ்வளவு பாடு? பச்சையாக உரித்த பட்டர் பீன்ஸ் உங்கள் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், காய்ந்த பருப்பைப் போல நேரம் எடுக்காது. படுகர் வீடுகளில் அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் குழம்பு வைத்து ராகிக் களியோடு சாப்பிடுவார்கள், அந்தக் குளிருக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் எண்ணம். நீங்கள் உங்கள் ஊர் மசாலாவிலேயே செய்யலாம்: மல்லி, மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய் எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, இரண்டு கப் பீன்ஸ், இரண்டு உருளைக்கிழங்கு போட்டுக் குக்கரில் வேகவிடுங்கள். கிழங்கில் பாதியைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு கெட்டியாகிவிடும், கெட்டியான குழம்பு சீக்கிரம் ஆறாது. மாமியாருக்குக் களி ஒத்துக்கொள்ளாவிட்டால் குழைந்த சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள். அப்புறம் அவரிடமே அந்த ஊர்ச் சமையலைக் கேளுங்கள், நிறையச் சொல்வார்.

கேள்வி: மிளகு ரசம் தட்டுக்கு வருவதற்குள் ஆறிவிடுகிறது. பூண்டு வாசமும் தூக்கலாக இருக்கிறது.
- வாசகர், கொடைக்கானல்

பதில்: நீங்கள் போடுவது மலைப்பூண்டாக இருந்தால், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, காரமும் வாசமும் கூடுதல். சமவெளிப் பூண்டு போடும் அளவில் பாதி போதும், நசுக்கி நெய்யில் வதக்கிப் போட்டால் நெடி அடங்கும். ரசத்தை நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், ஆறிவிட்டதே என்று மறுபடி மறுபடி கொதிக்க வைத்தால் ருசி போய்விடும். அதற்குப் பதில் டம்ளரில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு ரசத்தை ஊற்றிக் குடியுங்கள். மீதியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்கலாம்.