பூங்கா என்று காட்டிய இடத்தில் முள்செடி

கேள்வி: ஐயா, மாடம்பாக்கம் பக்கம் ஒரு மனைப்பிரிவில் வீடு வாங்கினோம். பூங்கா, விளையாட்டுத் திடல் என்று படம் காட்டினார்கள். இன்றுவரை முள்செடிதான். கழிவுநீருக்கு லாரி. யாரைக் கேட்பது?
- ஒரு வாசகி

பதில்: அம்மா, விற்றவர் தந்த வண்ணப் புத்தகத்தை ஓரமாக வையுங்கள். எனக்குக் காட்டியதில் நீச்சல் குளமே இருந்தது. என் பேரன் இன்னும் வாளித் தண்ணீரில்தான் குளிக்கிறான்.

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். அந்தத் தானப் பத்திரம் பதிவானதா என்று வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடும். ஒரு சிக்கல்: தாம்பரம் மாநகராட்சி 2021-ல்தான் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. மாடம்பாக்கம் அதில் ஒன்று. அதனால் பத்திரம் பழைய பேரூராட்சி பெயரில் கிடக்கலாம். கோப்பு இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பத்திரம் இருந்தால் முதலில் வேலி கேளுங்கள், ஊஞ்சல் அப்புறம். வேலி இல்லாத இடத்தில் சீக்கிரமே யாராவது கொட்டகை போட்டுவிடுவார்கள்.

லாரி விஷயம் வேறு. பாதாளச் சாக்கடை தெருவுக்குத் தெரு கேட்டு வருவதில்லை. கவுன்சிலரிடம் திட்டத்தில் உங்கள் தெரு இருக்கிறதா என்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.