வன்னி வெயிலில் ரீஃப் தொட்டியைப் பெரிதாக்குவது: கேள்வி பதில்

இரண்டடித் தொட்டியில் கைபழகியவர்கள் நாலடிக்குப் போக நினைத்து அனுப்பிய கேள்விகள் இவை. உப்புநீர், அதிலும் பவளம் வைக்கும் தொட்டிக்கு மட்டும்தான் பதில். கணக்கெல்லாம் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டிக்கு. விளிம்புவரை நிரப்பினால் 453 லீற்றர் பிடிக்கும்.

பரந்தன்: அண்ணை, காசு சேர்த்திட்டன். முதலில லைட் வாங்கிறதோ, ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கி எடுக்கிற கருவி) வாங்கிறதோ?

இரண்டும் இல்லை தம்பி. முதலில் சூட்டுக்கும் கரண்டுக்கும் வழி பண்ணுங்கோ. லைட்டை அடுத்த வருடம்கூட மாற்றலாம். இந்த இரண்டிலும் பிழைத்தால் ஒரு பின்னேரத்தில் தொட்டி முழுக்கப் போய்விடும்.

தண்ணீர் 26, 27 பாகையில் நிற்க வேணும். 28ஐத் தாண்ட விடக்கூடாது. சித்திரையில் தகரக் கூரை வீட்டுக்குள்ளேயே 34 பாகை வரும், பம்புகளின் சூடு அதற்கு மேலே. ஃபான் பிடிப்பது நல்ல வழிதான், ஆனால் அதன் கணக்கைத் தெரிந்து பிடியுங்கோ. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் சூட்டைக் கொண்டுபோகும். பம்புகள் எல்லாம் சேர்ந்து 100 வாட் என்றால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற மட்டுமே 3.6 லீற்றர் ஆவியாக வேணும். அறைச் சூடும் சேர, நாளொன்றுக்குப் பத்து லீற்றருக்கு மேல் குறைவது சாதாரணம். குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே நன்னீரால்தான் நிரப்ப வேணும், குறைவதைத் தானாக நிரப்பும் ஓட்டோ டொப் அப் இல்லாமல் சமாளிக்க ஏலாது.

சோளகம் (தென்மேல் காற்று) வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும், ஃபான் மூன்று பாகைவரை இறக்கும். சித்திரைப் புழுக்கத்தில் ஒரு பாகை இறங்கினாலே பெரிது. அந்த நாட்களுக்குத் தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் வேணும், இந்த அளவுக்கு மூன்றிலொரு குதிரைவலு. அதை அறைக்கு வெளியே நிழலில் வையுங்கோ. உள்ளே வைத்தால் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அதே அறைக்குள்தான் கொட்டும். பொழுதுபட வோல்ற்றேஜ் விழும் இடங்களில் கொம்பிரசர் எரியும், தாமதித்துத் தொடக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று கட்டாயம். சில்லருக்கு வசதி இல்லையென்றால் மென்பவளத்தோடு நில்லுங்கோ. கிளைவிடும் கல்பவளம் ஃபானை நம்பி வைக்கிற சாமான் இல்லை.

கரண்ட் நின்றால் முதலில் தீர்வது ஒட்சிசன். 30 பாகையில் கடல்நீர் பிடித்து வைத்திருப்பதே லீற்றருக்கு 6 மில்லிகிராம் சொச்சம். 12 வோல்ற் 100 ஆம்பியர்மணி ஈயப் பற்றரியில் பாதிதான் எடுக்கலாம், அதாவது 600 வாட்மணி. நீரோட்டம் உண்டாக்கும் 20 வாட் டிசி வேவ் மேக்கரை நேரே அதில் கொழுவினால் ஒரு நாளைக்கு மேல் ஓடும். அதன் முகத்தை மேல்நோக்கித் திருப்பி நீர்மட்டத்தைக் குழப்ப விடுங்கோ. அடுத்தது 12 வோல்ற் சின்ன ஃபான்கள், மிச்சம் இருந்தால், கீழ்த் தொட்டியிலிருந்து (சம்ப்) நீரை மேலே ஏற்றும் ரிட்டேர்ன் பம்ப். லைட் வேண்டாம், பவளம் இரண்டு நாள் இருட்டில் கிடந்தாலும் சாகாது.

கிளிநொச்சி: சம்ப் எவ்வளவு பெரிசாக அடிக்க வேணும்? கடைக்காரர் பெரிசா வேண்டாம் எண்டுறார்.

கரண்ட் நின்றவுடன் மேலேயிருந்து எவ்வளவு இறங்கும் என்று பாருங்கோ, அதுதான் சம்பின் அளவைச் சொல்லும். இந்தத் தொட்டியில் ஒரு அங்குலம் என்பது 19 லீற்றர். நீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ பல்லுக்கு மேலே அரை அங்குலம் நின்றால் 9, ரிட்டேர்ன் வாய் பல்லுக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தால் இன்னும் 19, பைப்புக்குள்ளும் பெட்டிக்குள்ளும் ஒரு 7. மொத்தம் 35 லீற்றர். 30க்கு 16க்கு 16 அங்குலச் சம்பில் ஒரு அங்குலம் 7.9 லீற்றர், ஆகவே 4½ அங்குலம் ஏறும். ஓடும்போது 9 அங்குலத்தில் வைத்தால் 13½இல் நிற்கும், தப்பிக்கலாம். 12இல் வைத்தால் நிலத்தில்.

ரிட்டேர்ன் வாயை நாலு அங்குலம் தாழ்த்தியவர்களுக்கு 76 லீற்றர் திரும்பி வரும். ‘செக் வால்வு போட்டிருக்கிறன்’ என்று சொல்லாதேங்கோ, ஒரு நத்தைக் குஞ்சு போய் இருந்தால் நீர் திரும்புவதை மறிக்கும் அந்த வால்வு மூடாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பைப்பில் ஒரு சின்னத் துளை போடுங்கோ, மட்டம் இறங்கியதும் காற்றை இழுத்து ஓட்டம் அறும். மாதத்துக்கு ஒருக்கால் துளையில் பாசி இருக்கோ என்று பாருங்கோ. மீன் விட முதல் மெயினை நிறுத்திப் பாருங்கோ. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

மல்லாவி: கிணற்றுத் தண்ணியில உப்புக் கரைக்கலாமோ?

கூடாது. எங்கள் பக்கக் கிணறுகளில் கடினத்தன்மை கூட, தோட்டங்களுக்குப் பக்கத்தில் நைத்திரேற்றும் இருக்கும். ஆவியாகிற நீருக்குப் பதிலாக நாளாந்தம் அதையே ஊற்றினால் எல்லாம் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். ஆர்ஓ வடியும் அதற்குப் பின்னால் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டிஐ பிசினும் வேணும், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீற்றரில் 0 காட்ட வேணும்.

செட்டிகுளம்: ஊரில குடிதண்ணி ஆர்ஓ பிளான்ற் இருக்கு. அந்தத் தண்ணி காணுமோ?

நல்ல தொடக்கம். மீற்றரை வைத்துப் பாருங்கோ, இருபது முப்பது காட்டும். ஒரு டிஐ குழாயைக் கடத்தி எடுத்தால் 0 ஆகிவிடும். உள்ளே வரும் நீர் ஏற்கெனவே சுத்தம் என்பதால் பிசினும் நெடுநாள் வரும்.

மாங்குளம்: கிணற்றுத் தண்ணி நல்ல தண்ணி அண்ணை, குடிக்கிறனாங்கள். பாவிக்கலாமோ?

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கோ.

பளை: பக்கத்தில ஆனையிறவு உப்பு. அதைக் கரைச்சால் கடல் தண்ணிதானே?

இல்லை. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், பிறகு ஜிப்சம், அதற்குப் பிறகுதான் கறியுப்பு. மிஞ்சுகிற கசப்புநீரை வடித்துவிடுவார்கள், மக்னீசியம் அதோடு போய்விடும். ஆக மூட்டைக்குள் இருப்பது சோடியம் குளோரைட்டு. பவளம் எலும்பு கட்டக் கல்சியம் 400 முதல் 450 பிபிஎம் (லீற்றருக்கு மில்லிகிராம்), மக்னீசியம் 1300 அளவில் வேணும். ரீஃப் உப்புத்தான் வாங்க வேணும், 20 கிலோவில் ஏறத்தாழ 550 லீற்றர் கரைக்கலாம்.

முல்லைத்தீவு: கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அள்ளி ஊற்றாமல் மூட்டை வாங்கச் சொல்லுறியள். கம்பனிக்காரனுக்கு உழைச்சுக் குடுக்கவோ?

அள்ளலாம், எப்போது, எங்கே என்று பார்த்து அள்ளினால். வாடை மழைக்கு வட்டுவாகலும் நாயாறும் கடலுக்குள் வெட்டிப் பாயும்போது கரையோர நீர் பாதி ஆற்றுநீர். ஐப்பசியிலிருந்து தைவரை தொடாதேங்கோ. சோளக மாதங்களில் முகத்துவாரத்துக்கு எட்ட, அலை உடையும் இடத்துக்கு வெளியே வள்ளத்திலிருந்து அள்ளினால் நல்ல நீர் கிடைக்கும். மண்ணெண்ணெய் கான் எவ்வளவு கழுவினாலும் கூடாது. 5 மைக்ரோன் பையில் வடித்து, உப்பு ஆயிரத்துக்கு 35 காட்டுதோ என்று உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, 100 லீற்றருக்கு 5 வீத பிளீச் 20 மில்லிலீற்றர் விட்டு ஒரு நாள் பம்ப் ஓட்டுங்கோ. பிறகு சோடியம் தயோசல்பேற்று 7 கிராம் கரைத்து விட்டு, குளோரின் டெஸ்ற்றில் பூச்சியம் வந்த பிறகு பாவியுங்கோ.

முல்லைத்தீவு: மீன் அந்தத் தண்ணியிலதானே உயிரோட நிக்குது? பிளீச் ஊத்திக் கெடுக்கிறதோ?

கடலில் நிற்கிற மீன் மேல்நீர் உவர் குறைந்தால் ஆழத்துக்கு இறங்கும், உங்கள் தொட்டியில் ஆழம் இரண்டடி. அதோடு, கானில் அடைத்த நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் ஒரு நாளில் செத்து அமோனியாவாகும். பிளீச் வேண்டாமென்றால் இருட்டில் இரண்டு கிழமை காற்றூட்டி வைத்து, அமோனியா பார்த்து எடுங்கோ. அதுவும் சரியான வழிதான்.

மன்னார்: சோளகத்தில அள்ளச் சொல்லுறியள். எங்கட பக்கம் அந்த நேரம் கடல் சேறாக் கிடக்கும்.

உண்மை. மேலே சொன்னது கிழக்குக் கரைக்கு. மன்னாருக்கு மாசி, பங்குனி, கடல் ஆறியிருக்கும் நேரம்.

கிளிநொச்சி: மூட்டை உப்பென்டால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வரும். கடல்தண்ணி ஒருநாள் ஒரு மாதிரி. இதில என்ன வாதம்?

முல்லைத்தீவு: மூட்டை விலை தெரியுமோ? ஓட்டோக்காரனுக்கு அதில பாதியும் இல்லை.

இரண்டு பேரும் வேறு வேறு கணக்குப் பார்க்கிறியள். சம்போடு சேர்த்து முதல் நிரப்புக்கு 500 லீற்றர், அரைத் தொன் நீர், ஒரே முறை. அதற்குக் கடல்நீர் லாபம், ஆள் உதவியும் நல்ல பருவமும் இருந்தால். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருக்கால் மாற்றுவது 50 லீற்றர். ஒரு மூட்டை பதினொரு முறைக்குக் காணும், அதாவது அஞ்சு மாதம். அதற்காக மாரியில் கரையில் கானோடு நிற்பது வீண்வேலை. நல்ல கடல்நீரில் காரத்தன்மை டிகேஎச் என்ற அளவையில் 7 அளவில் இருக்கும், 8 வேணுமென்றால் 100 லீற்றருக்கு 3 கிராம் அப்பச்சோடா. இந்த வழக்கு இதோடு போதும். மற்றவர்களும் காத்திருக்கினம்.

முள்ளியவளை: கரையில ஒதுங்கிக் கிடக்கிற முருகைக்கல்லை எடுத்து அடுக்கலாமோ?

வேண்டாம். 1981 கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் பிறகு வந்த திருத்தமும் முருகைக்கல்லை எடுப்பதையும், வைத்திருப்பதையும், ஏற்றியிறக்குவதையும் தடுக்கின்றன. கடையில் உயிருள்ள கல்பவளம் வாங்கினாலும் கடதாசி கேளுங்கோ, அவை அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை.

கல்லை நீங்களே வார்க்கலாம். ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு நொறுக்கிய சிப்பி, ஒரு பங்கு கல்லுப்பு. தண்ணீர் மட்டாக விட்டுப் பிசையுங்கோ, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேணும், ஒழுகக்கூடாது. ஈர மணலில் குழி பறித்து வார்த்து, இடையிடையே விரலால் குடைந்துவிடுங்கோ. இரண்டு நாளில் எடுத்து நன்னீரில் போட்டால் உப்பு கரைந்து துளைகள் விழும். சீமெந்தின் காரம் இறங்க ஆறிலிருந்து எட்டுக் கிழமை எடுக்கும், கிழமைக்கு இரண்டு தரம் நீர் மாற்ற வேணும். மாற்றிய நீர் இரண்டு நாள் கழித்தும் பிஎச் 8.5க்குக் கீழே நின்றால் தொட்டிக்குப் போகலாம். அவசரப்பட்டால் பிஎச் 9ஐத் தாண்டி மீன் மூச்சுத் திணறும். கல்லை மணலுக்கு மேலே அடுக்காமல் தொட்டித் தளத்தில் நேரே இருத்திப் பிறகு மணல் போடுங்கோ, இல்லையென்றால் மண் கிண்டும் மீன் சாய்த்துவிடும்.

கொக்கிளாய்: எங்கட கடற்கரை மண் போடலாமோ?

அனுமதிச் சிக்கல் ஒருபுறம். புல்மோட்டையிலிருந்து உங்கள் பக்கம்வரை கரைமண்ணில் இல்மனைற்று கலந்திருக்கும். அந்தக் கறுப்பு மணிகள் காந்தத்தில் பிடிக்கும். கண்ணாடி துடைக்கும் காந்தத்துக்குள் ஒன்று போனால் போதும், ஒரு இழுவையில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கீறல். வேவ் மேக்கரின் காந்தத்தண்டிலும் போய் ஒட்டித் தேய்க்கும். சுண்ணாம்புச் சத்தான அரகனைற்று மணல் 40 கிலோ வாங்குங்கோ, ஒன்றரை அங்குலம் நிற்கும்.

பூநகரி: பண்ணைக் கடலட்டை ரெண்டு விட்டால் மண் துப்புரவாகும்தானே?

பட்டினியில் சுருங்கிச் சாகும். நாலடித் தொட்டி மண்ணில் அதற்குச் சாப்பாடு காணாது. செத்தாலோ பம்பில் அகப்பட்டாலோ அது விடும் நஞ்சு மீனைக் கொல்லும். நசாரியஸ் நத்தை பத்து விடுங்கோ.

வவுனியா: நீமோ (கோமாளி மீன்) எத்தனை விடலாம்?

ஒரு சோடி.

நெடுங்கேணி: நாலடிக்கு நீமோ ஒரு ஆறு ஏழு விட்டால் வடிவா இருக்குமே?

ஒரு சோடி. பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆண். மிச்சத்தைக் கடித்தே கொல்லும்.

புதுக்குடியிருப்பு: பழைய ரெண்டடித் தொட்டிச் சாமான்களைப் புதுசுக்கு மாத்துறது எப்படி? ஒரே நாளில செய்யலாமோ?

ஒரே நாளில் செய்யலாம், புதிய தொட்டி அதற்கு முதலே நிரம்பி, ஒரு கிழமை ஓடி, உப்பும் சூடும் பழையதோடு ஒத்து நின்றால். அந்தக் கிழமையில் ஒழுக்கு இருந்தால் தெரிந்துவிடும். மெயினை மூன்று தரம் நிறுத்திப் பாருங்கோ.

மாற்றும் நாளில் முதலில் பவளம், பிறகு கல், கடைசியாக மீன். கல்லை எடுத்த பிறகு மீன் பிடிப்பது இலகு. கல்லை எப்போதும் தொட்டிநீரில் அமிழ்த்தியே வையுங்கோ, வெயிலில் ஒரு மணித்தியாலம் காய்ந்தால் அதிலுள்ள பக்ரீரியா போச்சு. பழைய மணலைக் கொண்டுபோக வேண்டாம். அதன் அடியில் கறுத்துப் போன படைக்குள் ஐதரசன் சல்பைட்டு இருக்கும், கிளறினால் அழுகிய முட்டை மணம் வரும், சாவும் வரும். ஒரு சிரட்டை மேல்மணல் மட்டும் விதையாகப் போதும். பிறகு பத்து நாள் தினமும் அமோனியா பாருங்கோ, சாப்பாட்டைப் பாதியாக்குங்கோ. புதிய லைட் என்றால் 40 வீதத்தில் தொடங்கிக் கிழமைக்கு ஐந்து வீதம் கூட்டுங்கோ. பழைய மங்கல் லைட்டில் நின்ற பவளம் திடீர் வெளிச்சத்தில் வெளிறிவிடும். புது மீன் ஒரு மாதத்துக்கு இல்லை.

ஒட்டுசுட்டான்: வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்சியம் ஐதரொட்சைட்டுத்தானே? பவளத்துக்குக் கல்சியம் குடுக்க டொப் அப் தண்ணியில கரைக்கலாமோ?

கெட்டிக்காரக் கேள்வி. பொருள் அதேதான், ஆனால் கடைச் சுண்ணாம்பில் சாயமும் வாசனையும் கலந்திருக்கும், சுட்ட சிப்பியின் அழுக்கும் இருக்கும். ஆய்வுகூடத் தரமோ உணவுத் தரமோ வாங்குங்கோ. லீற்றருக்கு 1½ கிராமுக்கு மேல் கரையாது. தெளிந்த நீரை மட்டும் சொட்டுச் சொட்டாக, இரவில் விடுங்கோ. பிஎச் 12க்கு மேல், கண்ணில் படக்கூடாது. மிதவை சுவிட்ச் ஒன்று இறுகினால் வாளி முழுக்க உள்ளே போய்விடும், ஆகவே இரண்டு மிதவை போடுங்கோ, வாளியும் பத்து லீற்றருக்கு மேல் வேண்டாம்.

ஓமந்தை: தங்கமீன் வயிறு வீங்கிக் கிடக்கு…

நன்னீர். வேறு ஆளைக் கேளுங்கோ.

விசுவமடு: வயரிங் எப்படிச் செய்யிறது? தொட்டிக்குக் கீழேயே பிளக் பலகை வைக்கலாமோ?

கீழே வைத்தால் உப்பு பூத்து ஒரு நாள் பற்றும். பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே பூட்டுங்கோ. ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போக முதல் ஒரு சாண் கீழே தொங்கி ஏற வேணும், வழியும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும். 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். இரண்டு ட்ரிப்பாகப் பிரித்து, ஒன்றில் ரிட்டேர்னும் சில்லரும், மற்றதில் வேவ் மேக்கரும் ஃபானும் கொழுவுங்கோ. ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும். பூட்டி முடித்ததும் இரண்டையும் தனித்தனியே நிறுத்தி, சம்பில் நீர் எங்கே நிற்குது என்று மார்க்கரால் கோடு போட்டு வையுங்கோ.