ஹூக்கப்ல மாட்டி ஆறு மாசமும் விட்டுடலாமா?

இங்கிலாந்துல ரெடிங் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, போன வருஷம் செகண்ட்ஹேண்ட்ல ஒரு மோட்டார்ஹோம் வாங்கினோம், ஃபியட் டுகாட்டோ, 2012 மாடல். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் வாசல்ல சும்மாதான் நிக்குது. ஏப்ரல்ல திறந்து பாத்தா வண்டிக்குள்ள லைட்டுக்கெல்லாம் கரண்ட் குடுக்கற லெஷர் பேட்டரி ரெண்டும் செத்துக் கிடந்துச்சு, புதுசா ரெண்டு ஏஜிஎம் (மூடின வகை லெட் ஆசிட்) பேட்டரி போட்டோம். இந்த தடவை வீட்டுக் கரண்ட்ல இருந்து வண்டிக்கு வர்ற ஹூக்கப் வயரை மாட்டி ஆறு மாசமும் சார்ஜ்லயே விட்டுடலாமா? தீப்பிடிச்சிடுமோன்னு மனைவி பயப்படறா. கடைக்காரர் வேற லித்தியம் போட்டா கவலையே இல்லைங்கறார்."

தம்பி, உங்க சார்ஜர் மூணு கட்டமா வேலை செய்யற ஸ்மார்ட் சார்ஜரா இருந்தா விடலாம். ஆனா நான் விடமாட்டேன். மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை முழுசா 24 மணி நேரம் மாட்டி வச்சிட்டு கழட்டிடுவேன், அதுவும் நான் வீட்ல இருக்கற நாளா பாத்து. பேட்டரிக்கு அது போதும், உங்க மனைவியும் நிம்மதியா தூங்குவாங்க.

முதல்ல போன வருஷம் ஏன் செத்துச்சுன்னு புரிஞ்சுக்கங்க. வண்டி நின்னதால சாகல. கன்ட்ரோல் பேனல், அலாரம், டிராக்கர், ரேடியோ, இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிட்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 100 மில்லி ஆம்ப்னு வச்சுக்கங்க, ஒரு நாளைக்கு 2.4 ஆம்ப் அவர் (பேட்டரியோட கொள்ளளவை இதுலதான் அளப்பாங்க), மாசத்துக்கு 72. உங்ககிட்ட 100 ஆம்ப் அவர் பேட்டரி ரெண்டு இருக்குன்னா பாதிக்கு கீழ இறக்கக்கூடாது, அதனால கையில இருக்கறது 100தான், ஆறு வாரத்துல காலி. அதுக்கப்புறம் உள்ள தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு இறுகிப் போச்சுன்னா எந்த சார்ஜராலயும் முழுசா மீட்க முடியாது. அதனால வண்டியை நிறுத்தும்போது பேனல்ல மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, ஐசொலேட்டர் (பேட்டரியைத் துண்டிக்கற சுவிட்ச்) இருந்தா அதையும் பண்ணுங்க.

சார்ஜர் எந்த வகைன்னு கண்டுபிடிக்க பத்து பதினைஞ்சு பவுண்டுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. கொஞ்சம் இறங்கின பேட்டரில சார்ஜரைப் போட்டா மெதுவா 14.4 வோல்ட் வரைக்கும் ஏறி, சில மணி நேரம் அங்க நின்னு, அப்புறம் 13.5, 13.8 பக்கம் இறங்கணும். மறுநாளும் 14.4லயே நின்னுச்சுன்னா அந்த சார்ஜரை நம்பி ஒரு ராத்திரிகூட விடாதீங்க. சார்ஜர் பெட்டியில ஜெல், லெட் ஆசிட்னு ஒரு குட்டி சுவிட்ச் இருக்கலாம், ஏஜிஎம்முக்கு எதுல வைக்கணும்னு பேட்டரி கம்பெனி சொன்ன வோல்டேஜைப் பாத்து வைங்க.

இங்கதான் எனக்கு ஆத்திரம் வருது. வருஷா வருஷம் ஹாபிடேஷன் செக்குன்னு, அதாவது வண்டிக்குள்ள கேஸ், கரண்ட் எல்லாம் பாக்கறதுக்குன்னு, காசு வாங்கறாங்க, ரிப்போர்ட்ல "பேட்டரி 13.6 வோல்ட், குட்"னு டிக் பண்ணித் தர்றாங்க. ஹூக்கப் மாட்டியிருக்கும்போது பாத்தா செத்த பேட்டரிகூட 13.6 காட்டும், அது சார்ஜரோட வோல்டேஜ்! சார்ஜரைக் கழட்டி, சோலார் இருந்தா மூடி, ஒரு ராத்திரி விட்டு காலையில பாக்கணும். 12.7 இருந்தா ஃபுல், 12.4 முக்கால், 12.2 பாதி, அதுக்கு கீழன்னா அன்னிக்கே சார்ஜ் போடணும். இந்த நாலு வரியை வண்டி விக்கறப்ப ஒருத்தரும் சொல்றதில்ல. அரை மணி நேரத்துல சாவியைக் கையில குடுத்து அனுப்பிடறாங்க.

பேட்டரி விக்கறதுலயும் இதே கதை. ஸ்டிக்கர்ல பெருசா 110ன்னு போட்டிருக்கும், பல சமயம் 100 மணி நேரத்துல மெதுவா இறக்கினா கிடைக்கற கணக்கு அது. 20 மணி நேரக் கணக்குல, அதாவது சி20ல எவ்வளவுன்னு கேளுங்க, பதில் வரலைன்னா வாங்காதீங்க. கையில தூக்கியும் பாருங்க. நல்ல 100 ஆம்ப் அவர் ஏஜிஎம் 28, 30 கிலோ வரும். அதே நம்பரைப் போட்டுக்கிட்டு 20 கிலோகூட இல்லைன்னா உள்ள ஈயம் கம்மின்னு அர்த்தம். கார் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கே லெஷர்னு ஸ்டிக்கர் ஒட்டி விக்கற ஆளுங்களும் இருக்காங்க.

இப்ப உங்க மனைவி பயம். அது நியாயமான பயம்தான். லெட் ஆசிட் பேட்டரி ஓவர் சார்ஜ் ஆனா ஹைட்ரஜன் வரும், மூடின இடத்துல சேர்ந்தா ஒரு தீப்பொறி போதும். ஒரு வீட்டுக்கு நான் போனேன், மூணு ராத்திரியா வேன்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்குதுன்னு கேஸ் அடுப்பு, ஹீட்டர் எல்லாம் செக் பண்ணி முடிச்சிருந்தாங்க. நான் பாசஞ்சர் சீட்டுக்கு கீழ கையை வச்சேன், பேட்டரி மேல கை வைக்க முடியாத சூடு, அழுகின முட்டை நாத்தம். ஒரு செல் போயிருந்துச்சு, சார்ஜர் விடாம தள்ளிக்கிட்டே இருந்துச்சு, ஹைட்ரஜனுக்கும் அந்த அலாரம் அடிக்கும். இப்படி ஆச்சுன்னா பேட்டரி கிளாம்ப்பைத் தொடாதீங்க, ஸ்பார்க் வரும். வீட்டுப் பக்கம் பிளக்கை ஆஃப் பண்ணி, கதவெல்லாம் திறந்து விட்டு வெளிய வந்துடுங்க. பேட்டரில காத்து போற குழாய் இருந்தா அது வண்டிக்கு வெளிய போகுதான்னு இன்னிக்கே பாருங்க. எக்ஸ்டென்ஷன் டிரம்னா வயரை முழுசா பிரிச்சுப் போடுங்க, சுத்தி வச்ச வயர் சூடாகி உருகும், ஆர்சிடி (கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச்) இல்லாத சாக்கெட்ல மாட்டவே மாட்டாதீங்க.

லித்தியம் விஷயத்துல மட்டும் மேல சொன்ன சார்ஜ் கணக்கு தலைகீழ், இதைக் கடைக்காரர் சொல்லியிருக்கமாட்டார். ஃபுல்லா வச்சு நிறுத்தக்கூடாது, பாதி சார்ஜ்ல வச்சு ஐசொலேட் பண்ணணும். ஜீரோ டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்தவே கூடாது, உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு நிரந்தரமா கெட்டுடும். நான் யாரு ஏத்தப்போறேன்னு நினைப்பீங்க. ஜனவரி காலையில மைனஸ் மூணு, வண்டில ஆளே இல்லை, லேசா வெயில் வருது, கூரை மேல இருக்கற சோலார் பேனல் தானா ஏத்த ஆரம்பிச்சிடும்! நல்ல பேட்டரின்னா உள்ள இருக்கற பிஎம்எஸ் (பேட்டரியைப் பாதுகாக்கற சர்க்யூட்) குளிருக்கு கட் பண்ணிடும், மலிவா வர்ற சிலதுல அந்த கட்டே இல்லை. வாங்கறதுக்கு முன்னாடி "குளிர்ல சார்ஜிங் கட் ஆகுமா"ன்னு எழுத்துல வாங்குங்க. இன்னொண்ணு, பழைய ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலேவோட (எஞ்சின் ஓடும்போது லெஷர் பேட்டரிக்கும் கரண்ட் அனுப்பற சுவிட்ச்) அப்படியே மாட்டினா ஆல்டர்னேட்டர்ல இருந்து கரண்டை அள்ளும், ஆல்டர்னேட்டர் வெந்துடலாம். நடுவுல கரண்டை அளவா விடற டிசி டு டிசி சார்ஜர் வேணும், அந்தச் செலவை பில் போடறப்பதான் சொல்வாங்க. புது ஏஜிஎம் ரெண்டு இருக்கறப்ப உங்களுக்கு இது இப்ப தேவையே இல்லை தம்பி.

சனிக்கிழமை 24 மணி நேரம் சார்ஜ் போடுங்க, ஞாயித்துக்கிழமை கழட்டிட்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, திங்கக்கிழமை காலையில ஒரு ரீடிங், பத்து நாள் கழிச்சு இன்னொரு ரீடிங் எடுத்து ரெண்டையும் எனக்கு எழுதுங்க. எங்கயாவது திருட்டுத்தனமா கரண்ட் போகுதான்னு அதுலயே தெரிஞ்சிடும்.