வேலை பார்த்துக்கொண்டே 'இந்திய அரசும் அரசமைப்பும்' பாடத்தை ஆன்லைனில் படிக்க முடியுமா? வெறும் மனப்பாடம்தானா?

முடியும். நான் படித்து பாஸும் ஆகிவிட்டேன். மனப்பாடம்தானா என்றால், முதல் ஐந்தாறு வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் மாறியதற்குக் காரணம் வாத்தியார் இல்லை, மீன்.

இராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பாதியில் விட்ட பி.ஏ.வை முப்பத்து மூன்று வயதில் ஆன்லைனில் மறுபடி எடுத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கம்பெனியில் எனக்கும் வேலை பாதியாகிவிடும். அதைக் கணக்குப் போட்டுத்தான் சேர்ந்தேன். உங்களுக்கும் வேலை இளைப்பாறுகிற மாதம் ஒன்று இருந்தால் அதில் தொடங்குங்கள். முதல் மாதத்தில் பின்தங்கினால் அப்புறம் பிடிப்பது கஷ்டம்.

வீடியோக்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ் வேண்டுமென்றால் கீழே எழுத்து ஓடும், இயந்திரம் மொழிபெயர்த்தது. "இரண்டு வீடுகளும் ரசீதை நிறைவேற்றின" என்று வந்தது. யார் வீடு, என்ன ரசீது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மக்களவையும் மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றியதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது! அன்றைக்கே அந்த எழுத்தை அணைத்துவிட்டு, அரசமைப்புச் சட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை இறக்கி வைத்துக்கொண்டேன். அந்தத் தமிழ் பத்திரப்பதிவுத் தமிழ் மாதிரி கரடுமுரடாக இருக்கும். ஆனால் தப்பாக இருக்காது. வீடியோவில் ஒரு பிரிவின் எண் வந்தால் உடனே அதைத் திறந்து மூலத்தை ஒருமுறை படித்துவிடுவேன். என்னைக் கேட்டால் பாதிப் படிப்பு அதுதான்.

ஏழாவது வாரம் ஏழாவது அட்டவணை. எந்த விஷயத்துக்கு எந்த அரசு சட்டம் போடலாம் என்று பிரிக்கிற மூன்று பட்டியல்கள்: ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். பள்ளிக்கூடத்தில் மூன்றின் பெயரையும் ஒப்பித்து மார்க் வாங்கியவன்தான் நான், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. மாநிலப் பட்டியலில் 21-ஆவது பதிவு: மீன்வளம். ஒன்றியப் பட்டியலில் 57-ஆவது பதிவு: கரையோரக் கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பு. அந்த எல்லை 12 கடல் மைல், ஏறக்குறைய 22 கிலோமீட்டர் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. (பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கும் மீன்வளம் உண்டு, ஐந்தாவது இனம். எங்கள் ஊராட்சிக்குத் தெருவிளக்கைக் கவனிக்கவே நேரம் போதவில்லை, அது வேறு கதை.)

இதை மாமாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருக்கிறது. நான் படிப்பதை அவர் அதுவரை மதித்ததில்லை. "சட்டம் படிச்சு என்னத்துக்கு மாப்ள, எனக்கு டோக்கன் வாங்கித் தருவியா?" என்பார். டோக்கன் என்றால் கடலுக்குப் போக வாங்குகிற அனுமதிச் சீட்டு. அன்றைக்கு வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப பதிமூணாவது மைலுல புடிக்கிற மீனுக்கு டெல்லிக்காரன்ட்ட டோக்கன் வாங்கணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதே கேள்வியை அப்படியே நேரலை வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, தடைக்காலத்தையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். உள்பக்கக் கடலுக்கு மாநில அரசு ஆணை போடுகிறது, சென்னையில் 1983-இல் இயற்றிய கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி. எல்லைக்கு வெளியே உள்ள கடலுக்கு ஒன்றிய அரசு தனியாக ஆணை போடுகிறது. தேதி ஒன்றாக இருப்பதால் கரையில் நிற்கிற நமக்கு ஒரே தடையாகத் தெரிகிறது. இருபது வருடமாகத் தடைக்காலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், அதில் இரண்டு அரசாங்கம் இருப்பது எங்கள் இருவருக்குமே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் மாமாவே கேள்விகளாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதுகிறார். எங்கள் கரையில் அதைத் "தபால் போட்டாச்சு" என்று கிண்டல் செய்வோம். ஒன்றியப் பட்டியலின் 10-ஆவது பதிவு வெளிநாட்டு விவகாரம், 14-ஆவது வெளிநாடுகளுடன் ஒப்பந்தம். மாநிலத்தின் கையில் பேனாதான் இருக்கிறது. போதாததற்குப் பிரிவு 253: வெளிநாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற, மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்துக்குக்கூட நாடாளுமன்றம் சட்டம் போடலாம். இதைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கிண்டல் வரவில்லை. மாமாவுக்கு இன்னும் வருகிறது.

கச்சத்தீவில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த பிடி 1960-ஆம் ஆண்டு பெருபாரி வழக்கு. மேற்கு வங்கத்தில் உள்ள பெருபாரியின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க 1958-இல் ஒப்பந்தம் ஆனது. நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் பிரிவு 368-இன்படி அரசமைப்பைத் திருத்தியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஒன்பதாவது திருத்தம் அதற்காகத்தான் வந்தது. 1974-இல் இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த 285 ஏக்கர் தீவு இலங்கைப் பக்கம் போனபோது திருத்தம் எங்கே? ஆறு பக்கம் கொதித்து எழுதி அனுப்பினேன்.

25-க்கு 13 மார்க். கீழே ஒரே வரி: "1969 கட்ச் வழக்கைப் படித்துவிட்டு வாருங்கள்." குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில் பாகிஸ்தானோடு இருந்த எல்லைத் தகராறில் நடுவர் மன்றம் கொடுத்த தீர்ப்பை நிறைவேற்றத் திருத்தம் தேவையில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே தகராறில் கிடந்த எல்லையை முடிவு செய்வது வேறு, நம்முடையது என்று உறுதியான நிலத்தைக் கொடுப்பது வேறு என்பது அதன் சாரம். ஒன்றிய அரசு கச்சத்தீவு விஷயத்தில் நீதிமன்றத்தில் சொன்னதும் இதைத்தான்: தகராறில் இருந்த இடம், எல்லைதான் முடிவானது. ஆக, கேள்வி இவ்வளவுதான். கொடுத்தோமா, கோடு போட்டோமா? 2008-இல் கச்சத்தீவு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. கொடுத்தோம் என்பதுதான் இன்றும் என் கட்சி. ஆனால் எதிர்க்கட்சி வக்கீல் என்ன சொல்வார் என்பதை இப்போது என்னால் சொல்ல முடியும். திருத்தி எழுதியதற்கு 19 கிடைத்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் எங்களோடு இருந்த நூற்றுச்சொச்சம் பேரில் பேசியது பத்துப் பேர்தான். வாராந்திரக் கொள்குறி வினாக்கள் சுத்த மனப்பாடம். எந்தத் திருத்தம் எந்த ஆண்டு, அவ்வளவே. இறுதித் தேர்வு வீட்டிலிருந்தே, கேமராவைப் பார்த்தபடி எழுத வேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கச்சான் காற்று சுழற்றி அடித்தது, கரண்டு போனது, மோடமும் செத்தது. மறுபடி உள்ளே நுழைவதற்குள் 20 நிமிடம் காலி. புகார் எழுதினேன். "வருந்துகிறோம்" என்று பதில் வந்தது, நேரம் வரவில்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்டை முதலிலேயே தயாராக வைத்திருங்கள், முடிந்தால் கரண்டு நம்பகமாக இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் போய் எழுதுங்கள்.

நேரம் என்று பார்த்தால் வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் போதும். நான் விடிகாலை ஏலம் முடிந்து லாரி கிளம்பிய பிறகு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து வீடியோ பார்ப்பேன், இரவில் மூலத்தைப் படிப்பேன். அடுத்த பருவத்தில் நீதித்துறை பற்றிய தாள். மாமா இப்போதே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்: பிடித்துக்கொண்டு போன படகை இலங்கைக் கோர்ட் அரசுடைமை ஆக்கிவிட்டால் இங்கே எந்தக் கோர்ட்டுக்குப் போவது?